கக்கூஸ் கேஸில் போட்ட தேத்தண்ணி

சாண எரிவாயுத் தொட்டி என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். சாணிக்கு எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை. இலங்கையிலிருந்து ட்ரங்குப் பெட்டியும் கைக்குழந்தையுமாகக் கப்பலேறி, சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வந்து விழுந்த ஜனம் நாங்கள். எங்களிடம் மாடு ஏது? தொட்டியைக் கட்டி முடித்த பிறகுதான் தோட்டத்து ஆபீசுக்கு இது உறைத்தது. உடனே லயத்துக் கக்கூஸ் குழாயை அதற்குள் திருப்பி விட்டார்கள்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. நாற்றத்தால் மட்டும் இல்லை.

வேலையை மேற்பார்த்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளம் இன்ஜினீயர். பெண்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஏனுங்க, பெட்ரோலு, சீமெண்ணெய் எல்லாம் வெளிநாட்டுல இருந்து வருது, ஒரு நாளைக்குத் தீர்ந்து போகுமுங்க. இது தீருமுங்களா? இனி நாடே இப்படித்தான் அடுப்பெரிக்கப் போகுது. கிருமி இல்லைங்க, வாடையும் இல்லைங்க."

இதை அவர் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு சொன்னார். இந்த மலைத் தண்ணீரில் எடுத்த கரண்ட் ஏற்கெனவே கீழ்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. லயத்தில் சீமெண்ணெய் விளக்கு. எங்களிடமிருந்து நாட்டுக்கு எடுக்க மிச்சமிருந்தது அந்தக் கக்கூஸ் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்தக் கேஸில் சோறாக்க மாட்டோம் என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் அக்கா மட்டும் சரி என்றாள். அவளுக்கு இழுப்பு. நாங்கள் இருந்தது ஒற்றை அறைக் காம்பரா. புகை போக ஓட்டு இடுக்கை விட்டால் வழி இல்லை. ஈர விறகோடு மல்லுக்கட்டி ஊதி ஊதி, உலை கொதிக்கும் முன்பே வாசலில் வந்து குந்திக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பாள். புகை ஆகாது என்று டிஸ்பென்சரியில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். புகையில்லாமல் எப்படிச் சமைப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

"அதுல ஆக்கித் திம்பியா? உனக்கு அருவருப்பா இல்லையா?" என்று கேட்டேன்.

"தீக்கு ஏது புள்ள நாத்தம்? எனக்கு மூச்சு விட முடிஞ்சாப் போதும்," என்றாள்.

அடுப்பை எங்கள் காம்பராவில் வைத்துக் குழாயை இழுத்தார்கள். தொட்டிக்கு மேல் கவிழ்த்திருந்த பெரிய இரும்பு மூடி, உள்ளே கேஸ் சேரச் சேர மேலே எழும்ப வேண்டுமாம். அது எழும்பவே இல்லை. ஆடி மழை தொட்டிக்குள் இறங்கி, எல்லாம் கரைந்து, வழிந்து, லயத்து வாசல் வரை வந்தது. கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் அதை மிதித்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அக்கா தினமும் தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பாள். அடுப்பு ஒன்றும் சொல்லாது.

ஆனால் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்தால் மூடி நன்றாக மேலே நிற்கிறது. அக்கா குச்சியைக் கிழித்தாள். அடுப்பு நீலமாகப் பற்றிக்கொண்டது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் ஏமாந்தேன்.

எல்லோருக்கும் அதில் தேத்தண்ணி போடச் சொன்னார்கள். நான்தான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். கிராமம் எல்லாம் தன் கழிவிலேயே விளக்கெரிக்கும் என்று முழங்கி முடித்த பெரிய அதிகாரி, தம்ளரை வாங்கி, இப்போதுதான் குடித்தேன் என்று தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். உதட்டில் படக்கூட இல்லை. கைக்குட்டை இன்ஜினீயரோ ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. கக்கூஸ் கேஸ்தான் என்று நம்பியவர் தொடவில்லை. தொட்டிப் பக்கமே வர மூக்கைப் பொத்துகிறவர் சப்புக்கொட்டிக் குடிக்கிறார்.

கார்கள் போனதும் காம்பராவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தோட்டத்துத் துரை பங்களாவின் சமையல் சிலிண்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்கு ஓடினேன். மூடிக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். காறித் துப்பிவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"காலையில டியூப்பை மாத்தும்போதே பாத்துட்டேன் புள்ள," என்றாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேஸ் இருக்கிற லயத்துக்கு விறகு எதற்கு என்று, தோட்டம் கொடுத்துக்கொண்டிருந்த விறகை நிறுத்திவிட்டார்கள். செடியை வெட்டிவிடும் கவ்வாத்தில் விழுந்த பச்சைத் தேயிலைக் குச்சியைப் பொறுக்கி எரித்தோம். இந்தப் புகையைப் பார்த்த பிறகு, முன்பு வந்தது புகையே இல்லை என்று ஆகிவிட்டது. அடுப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும் என்று அக்காவுக்கு உத்தரவு வேறு. பார்க்க ஆட்கள் வருவார்களாம்.

வந்தார்கள். இந்த மலையிலும் நடக்கிறது என்று போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் காலையில் சிலிண்டர் வந்தது, சாயங்காலம் போனது. அந்த இடைவெளியில் அக்கா சோறாக்கி, குழம்பு வைத்து, வெந்நீர் காய்ச்சி, மறுநாளுக்கும் சேர்த்து அவித்து, பக்கத்துக் காம்பராப் பருப்பையும் வாங்கி வேகவைத்துக் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு இழுப்பு வராது.

எனக்குப் பற்றி எரிந்தது. ஒரு நாள், அடுத்த கூட்டம் வரும்போது அத்தனை பேர் முன்னாலும் மூடிக்கு முட்டுக் கொடுத்த அந்தக் கட்டையை எட்டி உதைக்கப் போகிறேன் என்றேன். அக்கா அப்போது பச்சைக் குச்சிப் புகையிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் குந்தியிருந்தாள். பேச முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும் வரை இருந்தாள்.

"அப்படிச் செஞ்சிறாத புள்ள," என்றாள். "அப்புறம் அவங்க வர மாட்டாங்க."