சந்தேகம் என்று நான் எழுதிய வரி

தொண்ணூறுகளின் கடைசியில், தீவுப் பக்கம், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு பேக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். கட்டடத்தில் இருநூறுக்கு மேல் கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் கவனிக்க நாங்கள் மூன்று பேர். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வரப்போவதாகத் தெரிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நம் நெட்வொர்க்கில் எந்த மெஷினில் என்ன திறந்து கிடக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் மற்ற கம்ப்யூட்டர்கள் வந்து பேச எண்ணிட்ட வாசல்கள் உண்டு. போர்ட் என்போம். பெரும்பாலானவை மூடியிருக்கும். திறந்திருப்பதைத் தட்டினால் உள்ளே ஓடும் புரோகிராம் முதல் வரியில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். கையால் தட்டிப் பார்த்ததில் முதல் நாள் ஐந்து மெஷின்கூட முடியவில்லை. அதனால் எல்லா மெஷினையும் தானே தட்டி, பதிலைப் படித்து, பட்டியல் போட்டு, திங்கட்கிழமை காலையில் மேனேஜருக்கு மெயில் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னப் புரோகிராம், எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது. அதுவரை நான் செய்த எதிலும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

தெரிந்த சேவைகளின் பதில்களை அதற்குள் எழுதி வைத்திருந்தேன். பொருந்தாத பதில் வந்தால் என்ன போடுவது என்று ஒரு கேள்வி வந்தது. 'தெரியவில்லை' என்று போட்டிருக்கலாம். 'சந்தேகம்' என்று போட்டேன். அப்படிப் போட்டால் ரிப்போர்ட் கொஞ்சம் கனமாகத் தெரியும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் திங்கட்கிழமை அப்படி ஒரே ஒரு வரி வந்தது. கீழ்த்தள உற்பத்தி ஆபீஸில் இருந்த ஒரு மெஷின். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் பெர்ரிப் படகு ஏறி வரும் ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, நாற்பது வயதிருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் அறையில் தூக்கிப்போட வைத்திருந்த ஒரு பழைய புரோகிராமிங் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வருவதற்குள் மேனேஜர் ரிப்போர்ட்டைத் தலைமையகத்துக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பியிருந்தார். அந்த மெஷினை மேலே கொண்டுவந்து அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடச் சொன்னார்.

அதன் பிறகுதான் என் இடத்தில் உட்கார்ந்து அந்த போர்ட்டைக் கையால் தட்டினேன். மலாயில் பதில் வந்தது. காலை வணக்கம், கெப்பாலா பத்தாஸ் பஸ் இருபது நிமிடம் தாமதம், பட்டர்வொர்த் பஸ் வந்துவிட்டது. அவ்வளவுதான். உற்பத்தி வரிசையைப் பார்க்கும் லைன் லீடர் ஒருவருக்குப் போன் செய்து கேட்டதும் மீதி தெரிந்தது. அக்கரையிலிருந்து பேக்டரி பஸ்ஸில் வரும் பெண்கள், பாலத்தில் நெரிசல் என்றால் லேட்டாக வருவார்கள். வேலைக்கு வரவில்லை என்று லைன் லீடர்கள் சிவப்புக் குறி போட்டுவிடுவார்கள். பஸ் டிரைவர்கள் அக்காவுக்குப் போன் செய்வார்கள், அவர் அதைத் தன் மெஷினில் அடித்து வைப்பார், லைன் லீடர்கள் தங்கள் இடத்திலிருந்தே அதைப் பார்த்து, குறி போடாமல் விடுவார்கள். இதற்காக அந்தப் புத்தகத்தைப் படித்துத் தானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார்.

மேனேஜரிடம் ஓடினேன். "பஸ் நேரம்தான் சார், வேற ஒண்ணும் இல்ல."

"பெர்மிஷன் இருக்கா?"

"முன்னாடி இருந்த சூப்பர்வைசர் வாயால சொன்னாராம்."

"அவர்தான் போயிட்டாரே. ரிப்போர்ட்டும் போயாச்சு லா. சந்தேகம்னு போட்டது உன் புரோகிராம், நான் இல்ல."

கீழே போய் அக்காவின் மெஷினிலிருந்து வயர்களைக் கழற்றினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரமாக நின்றார்.

"தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் இல்ல அக்கா. சும்மா செக் பண்றோம்."

மறுநாள் மனிதவளப் பிரிவின் கண்ணாடி அறைக்குள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வேகமாகக் கடந்து போனேன்.

தலைமையகத்துக்கு நேராகவே நான் எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தேன். தவறு மெஷினில் இல்லை, என் ஸ்கிரிப்ட்டில் என்று ஆறேழு வரி. அனுப்பும் முன் அவர்களிடமிருந்து மெயில் வந்தது. ஸ்கிரிப்ட் மிகவும் பயனுள்ளது, மற்ற நாடுகளில் உள்ள பேக்டரிகளிலும் ஓட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். என் பெயரையும் எழுதியிருந்தார்கள். நான் எழுதி வைத்திருந்ததை அழித்தேன்.

அக்காவை பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. பஸ் லேட்டான நாட்களில் சிவப்புக் குறிகள் மறுபடியும் விழுந்தன. நான்கு மாதத்தில் அவர் வேலையை விட்டார். பிரிவு விருந்து என்று எதுவும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், படகுத்துறையில் பெர்ரி ஏறும்போது அவரைப் பார்த்தேன். சாமான் வாங்கத் தீவுக்கு வந்திருந்தார். அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒரு ஆபீஸில் வேலை, கடிதம் டைப் அடிப்பது, போன் எடுப்பது என்றார். என் கல்யாணம் பற்றிக் கேட்டார். பாதிக் கடல் தாண்டியதும் எனக்குப் பேச்சு வந்தது.

"அக்கா, அந்த ரிப்போர்ட் என் புரோகிராம் போட்டது. சந்தேகம்னு எழுதினது நான்தான்."

"தெரியும் தம்பி. அவங்க அந்தப் பேப்பரக் காட்டினாங்க. உன் பேரு கீழ இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீ வந்து கேப்பேன்னு இருந்தேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். "ஒரு மாடிதானே. வந்து, என்ன அக்கா இதுன்னு கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். யார்கிட்டயாச்சும் காட்டணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். "விடு லா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். இப்போதும் புரோகிராம் எழுதுகிறாரா என்று கேட்டேன். இல்லை, அந்த ஆபீஸில் அதற்குத் தேவையில்லை என்றார்.

பெர்ரி அக்கரையில் இடித்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து இறங்கினார்கள். அவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். அந்தப் புரோகிராமை அவர் எப்படி எழுதினார், எங்கே சிக்கியது, யார் உதவினார்கள் என்று அன்றைக்காவது கேட்டிருக்கலாம். பின்னால் ஓடினால் பிடித்திருக்க முடியும். நான் ஓடவில்லை.