பேய்ப் பட இசைக்கு நான் போட்ட மார்க்கு

இன்று பட்டப்பகலில் வெறும் இசையைக் கேட்டு அலறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

திருக்கழுக்குன்றத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் குமார், ராக்கெட்டில் பேய் புகும் இங்கிலீஷ் படத்தின் இசையைப் போட்டுக் காட்டினான்.

"நூறு வயலின் அண்ணாத்த! மார்க்கு போடு. மாப்ள வூட்டுக்காரங்க வீடியோ பாக்க வந்துகினு கீறாங்க. புடிக்கலன்னா மாப்ள தங்கச்சி கல்யாண ஆர்டர் பூடும்."

"கொசு மாதிரி ஆரம்பிச்சு இடி மாதிரி வுழுது. பத்துக்கு ஒம்பது. மாமியார் ஆரத்தி எடுக்கிற சீனுக்கு வெச்சிக்க."

கிண்டலுக்குச் சொன்னேன். வைத்தே விட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து எல்லோரும் பார்த்தார்கள். மருமகள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

"எனக்குன்னு தனி மீஜிக்கா!" என்றார் மாமியார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கும் நீயே வந்துடுப்பா."

ஒன்பது சரிதானா, நீங்களே சொல்லுங்கள்.

மாமியார் இடி விழும் இடத்தை மறுபடி போடச் சொன்னார். இடி விழுந்ததும் மாப்பிள்ளை பயந்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். தூக்கி உட்கார வைத்தோம்.