மழைக்கு விட்ட இரண்டு நாள்

"தொண்ணூத்தெட்டு," என்றாள் ஐவி.

குழந்தைகளின் மடியில் இருந்த டேப்லெட்டுகள் எல்லாம் அப்போதுதான் நூறு என்று காட்டிப் பலூன்களைப் பறக்கவிட்டிருந்தன. சுவரோரம் நின்ற பெற்றோர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் நூறாவது நாள் என்பதால் குழந்தைகள் நூறு வயதுக் கிழவர்களாகவும் கிழவிகளாகவும் வந்திருந்தார்கள். தலையில் பவுடர், பஞ்சு மீசை, தொளதொளத்த கம்பளிச் சட்டை. ஐவியின் மூக்குக் கண்ணாடியில் கண்ணாடி இல்லை.

"என்ன சொன்ன?" என்று கேட்டாள் ஆசிரியை ரோசான் பெல்டியே.

"இன்னைக்குத் தொண்ணூத்தெட்டாவது நாள், மிஸஸ் பெல்டியே. நூறு இல்ல."

யாரோ சிரித்தார்கள். "கிழவிக்கு ஞாபகமறதி வந்துடுச்சுடோய்," என்றார் ஒரு அப்பா. அறையே சிரித்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஐவி எழுந்து மூலைக்குப் போனாள். அலமாரிக்குப் பக்கத்தில், ஆணியில் பழைய துணிப் பைகள் மூன்று தொங்கின. ஒன்றுக்கு, பத்துக்கு, நூறுக்கு. டேப்லெட் வருவதற்குமுன் காலையில் ஒரு ஸ்ட்ராவைப் போடுவதும், பத்து சேர்ந்தால் ரப்பர் பேண்டு போட்டு அடுத்த பைக்கு மாற்றுவதும் வகுப்பின் வழக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. ஐவி மட்டும் மேல்கோட்டைக் கழற்றி மாட்டியதும் போய் ஒன்று போட்டுவிட்டு வந்து உட்காருவாள். ரோசான் அதைப் பார்த்திருக்கிறாள். விளையாட்டு என்று விட்டிருந்தாள்.

பைகளைக் கொண்டுவந்து கம்பளத்தில் கொட்டினாள். ஒன்பது கட்டு. தனியாக எட்டு.

கம்பளத்தில் அவற்றைப் பார்த்தபோதே ரோசானுக்குப் புரிந்துவிட்டது. செப்டம்பரில் உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை. ஆரூஸ்டுக் மாவட்டத்தில் எல்லா வருடமும் உண்டு. இந்த முறை கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டதால், கிழங்கு மண்ணிலேயே அழுகிவிடும் என்று இரண்டு நாள் கூட்டி விட்டார்கள். அந்த இரண்டு நாளும் ரோசான் தன் தம்பியின் அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று, ஓடும் பட்டையிலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் டேப்லெட் வந்தபோது, அது பள்ளி நாட்களைத் தானே எண்ணுவதற்காக விடுமுறைகளை அதில் குறித்தவளும் அவள்தான். மூன்று வாரத்தைக் குறித்தாள். மழையை மறந்துவிட்டாள்.

தலைமை ஆசிரியர் டேகில் தன் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் நூறு என்று க்ரீமில் எழுதிய கேக். சுவரோரம் நின்றவர்களில் பாதிப்பேர் சென்ற மார்ச்சில் ஊர்க்கூட்டத்தில் டேப்லெட் வாங்கக் கை தூக்கியவர்கள். டேப்லெட் வேண்டும் என்று அன்று எழுந்து பேசியவள் ரோசான். "ஸ்ட்ராவுக்கு சார்ஜ் போட வேண்டாமே, ரோசான்," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அவள் சொன்னாள்: "ஸ்ட்ரா தொலையும், புள்ளைங்க வாயில போட்டுக் கடிக்கும். இது தப்பு பண்ணாது."

இப்போது அவள் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு ஸ்ட்ரா எடுத்தாள்.

"நடுவுல ரெண்டு நாள் போட மறந்திருப்ப, செல்லம். பரவாயில்ல. இதோ, சரியாயிடுச்சு."

எட்டோடு இரண்டைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டாள். பத்துக் கட்டுகளையும் நூறின் பையில் நுழைத்தாள். மறுபடி கைதட்டினார்கள்.

"நான் மறக்கல," என்றாள் ஐவி.

"ஐவி, போதும்." அவளுடைய அப்பா ரேனோ லெவெக் முன்னால் வந்தான். கிழங்குக் கிடங்கின் மண் பூட்ஸில் இருந்தது. முகம் சிவந்திருந்தது. "மன்னிச்சுக்கங்க, மிஸஸ் பெல்டியே. வீட்டுலயும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுறா. ஏய், மிஷின் தப்பா சொல்லுமா? டீச்சர் தப்பா சொல்வாங்களா?"

அவனும் இதே அறையில், இதே கம்பளத்தில் உட்கார்ந்தவன். முப்பதுக்குமேல் எண்ணத் தெரியவில்லை என்று அவனை இன்னொரு வருடம் இருக்கவைத்தவள் ரோசான்.

"பரவாயில்ல, ரேனோ," என்றாள்.

ஐவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கேக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை.

எல்லோரும் போனபின் உதவியாளர் டீனா கம்பளத்திலிருந்து பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு விட்ட இரண்டு நாளைக் குறிக்காமல் விட்டதை ரோசான் அவளிடம் சொன்னாள்.

"ஐயோ, அந்த மழையா! நானும்தான் மறந்துட்டேன்," என்றாள் டீனா. "சரி விடு. ரெண்டு நாள் முன்னாடியே கேக் கெடச்சா யாரு கோவிச்சுக்கப் போறா?"

"எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, டீனா. தெரிஞ்சுதான் அந்த ரெண்டையும் எடுத்தேன்."

டீனா துடைப்பதை நிறுத்தினாள். "அஞ்சு வயசுப் புள்ள. நாளைக்கு மறந்துடும்."

"அவ எதையும் மறக்கிறதில்ல. மறந்துட்டேன்னு சொல்லிட்டேனே, அவளைப் பார்த்து. அவ அப்பன் முன்னாடி."

ரோசான் அலமாரிப் பக்கம் பார்க்காமல் விளக்கை அணைத்தாள். வண்டியின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும்போது, "மிஸஸ் பெல்டியே, விழா நல்லா நடந்துச்சு," என்று சாலையில் போன யாரோ கத்திச் சொன்னார்கள். கையை உயர்த்திக் காட்டினாள்.

மறுநாள் பள்ளி இருந்தது. ரோசான் சீக்கிரம் வந்து மழை நாட்கள் இரண்டையும் டேப்லெட்டில் குறித்தாள். எண் தொண்ணூற்றொன்பது என்று மாறியது. கடைசிக் கட்டைப் பிரித்து இரண்டு ஸ்ட்ராக்களைத் திரும்ப இழுப்பறையில் போட்டாள். குழந்தைகள் வந்து கம்பளத்தில் உட்கார்ந்ததும், நேற்று ஐவி சொன்னதுதான் சரி, எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றாள். ஒரு பையன், "அப்ப கேக்கைத் திருப்பித் தரணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

ஐவியைக் கூப்பிட்டு ஒரு ஸ்ட்ராவை நீட்டினாள். "இன்னைக்கு எத்தனையாவது நாள், ஐவி?"

ஐவி பைகளைப் பார்க்காமல் திரும்பித் தன் டேப்லெட்டைப் பார்த்தாள்.

"இது தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லுது," என்றாள். ஸ்ட்ராவை வாங்கிப் பையில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

நூறாவது நாள் நாளைதான், மழைக்கு விட்ட இரண்டு நாளைக் கணக்கில் தவறவிட்டதும், தெரிந்தே ஐவி லெவெக்கைத் தவறாகத் திருத்தியதும் நான்தான் என்று ரோசான் எல்லாப் பெற்றோருக்கும் எழுதினாள். "இதை அனுப்பித்தான் ஆகணுமா?" என்று டேகில் கேட்டார். அனுப்பினாள். மூன்று மணிக்கு ரேனோ வந்தான். அந்த மழையில் தானும் ரோசானின் தம்பியின் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்ததாகவும், தனக்கும் ஞாபகம் வரவில்லை என்றும் சொல்லிச் சிரித்தான். மகளை வண்டியில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினான். வண்டி கிளம்பிப் போனது. மீதமிருந்த கேக்கை டீனா குப்பையில் போட்டாள்.