மதர்போட்டில் ஒரு சிவப்புப் பொட்டு

குணேஸ்வரி நகத்துக்குப் பூச்சுப் பூசுகிறவள் அல்ல. ஆனாலும் அவளுடைய அலுமாரியில் எப்போதும் ஒரு சிவப்புக் கியூடெக்ஸ் போத்தல் இருக்கும். குடைப்பிடி, வாளி, கதிரைக் கால், செருப்பின் அடி, அடையாள அட்டை உறை எல்லாவற்றிலும் ஒரு பொட்டு.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்துவிட்டு அன்புவழிபுரத்துக்குத் திரும்பியபோது, அவளுடைய தையல் மெஷின் நாலு வீடு தள்ளி ஒரு விறாந்தையில் இருந்தது. "இது எங்கட," என்றார்கள். தன்னுடையதுதான் என்று காட்ட அவளிடம் ஓர் அடையாளமும் இருக்கவில்லை. அன்று தொடங்கியது பொட்டு.

அதற்குப் பிறகு முன்னறையில் ரைப்ரைட்டர் வைத்து விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் அடித்துக் கொடுத்துப் பிழைத்தாள். இரண்டாயிரத்து ஏழில் அதற்கும் முடிவு வந்தது. கொம்பியூட்டரில் அடித்து வா என்று கந்தோர்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கின. ரைப்ரைட்டரையும் இரண்டு வளையல்களையும் விற்ற காசோடு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பாயிஸின் கடைக்குப் போனாள். பாயிஸ் கிண்ணியாக்காரன், முப்பது வயது இருக்கும்.

"எல்லாம் பொருத்திப் பூட்டின மெஷின் ஒண்டு கிடக்கு, அக்கா. விலையும் குறைவு. அப்படியே கொண்டு போகலாம்."

"உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? ஒவ்வொண்டாக் காட்டுங்கோ. பூட்டுறது என்ர வீட்டில, என்ர கண்ணுக்கு முன்னால."

"சம்பந்தம் பேச வந்த மாதிரியெல்லா கேக்கிறீங்க."

"சம்பந்தமெண்டா இவ்வளவு கேட்டிருக்க மாட்டன்."

புரொசசர் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, அது லேசில் பழுதாகாது என்றான் பாயிஸ். பவர் சப்ளையை மட்டும் புதிதாக எடுக்கச் சொன்னான். "இங்கத்தக் கரண்டுக்கு மலிவு சாமான் போட்டா, போகக்குள்ள மதர்போட்டையும் கொண்டு போயிரும்."

நல்ல புத்தி சொல்கிற வியாபாரியை நம்பலாமா? அவள் இரண்டு பவர் சப்ளைகளை இரண்டு கைகளிலும் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுத்தாள். ஹாட் டிஸ்கை ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்டாள். மூன்று மதர்போட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, ஈயம் வைத்த இடங்களைத் தடவினாள். ராம் என்று அவன் நீட்டிய விரல் நீளத் தகட்டை மட்டும் எப்படிச் சோதிப்பதென்று தெரியவில்லை.

"இப்போதைக்கு இது ஒண்டு காணும். பிறகு வசதி வந்தா இன்னொண்டு போடலாம், பக்கத்தில இடம் கிடக்கு."

"வெறும் இடத்தைக் காட்டி விக்கிறியள்."

எல்லாவற்றையும் பஸ்ஸில் கொண்டுபோனால் ஆமிச் சென்ரியில் சோதனைக்காக றோட்டில் பரப்ப வேண்டி வரும். பாயிஸுக்குச் சிங்களம் தெரியும், கையில் கடை பில் துண்டும் இருக்கும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து பூட்டித் தருவதாகச் சொன்னான். அவன் வேறொருவருக்கு வயர் வெட்டப் போன நேரத்தில் அவள் கைப்பையில் கொண்டுவந்திருந்த கியூடெக்ஸ் போத்தலை எடுத்தாள். அவன் திரும்பி வந்தபோது ஊதிக் காயவைத்து முடித்திருந்தாள்.

பொழுது சாய்ந்தும் பாயிஸ் வரவில்லை. மாற்றுகிறான் என்று நினைத்தாள். பாரமானதை எடுத்துவிட்டு லேசானதை வைக்கிற அவன் கைகள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தன. மாற்றட்டும், பொட்டு இருக்கிறது. அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, சந்திச் சென்ரியில நிக்கிறன். சாமானுகள்ல சிவப்பாப் பொட்டுப் பொட்டாக் கிடக்கு. என்ன குறியெண்டு கேக்கிறாங்க. ஒண்டிரண்டில இல்ல, மதர்போட்டு, ஹாட் டிஸ்க், எல்லாத்திலயும். எனக்கு விளங்கல்ல. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாமான் போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்களில் சென்ரியில் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்கள் பலர் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

"வாறன்," என்றாள். குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துச் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பாயிஸ் ஹெல்மட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். அவள் குடைப்பிடியைத் திருப்பிக் காட்டினாள். செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தாள். அட்டை உறையை நீட்டினாள். அதிகாரி குனிந்து ஒவ்வொரு பொட்டாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவளுக்குச் சிங்களம் தெரியாது. அங்கே மொழிபெயர்க்கப் பாயிஸைத் தவிர வேறு ஆள் இல்லை.

"ஏன் வைக்கிறீங்கெண்டு கேக்கிறார்."

"களவு போகாமலிருக்க."

அவன் சொன்னான். அதிகாரி திரும்பவும் கேட்டார்.

"சாமான் கடையில கிடக்கக்குள்ளயே வைச்சிருக்கிறீங்க. அங்க ஆர் களவெடுக்கிறதெண்டு கேக்கிறார்." சொல்லி முடிக்கும்போதே அவன் குரல் மெலிந்தது.

குணேஸ்வரி செருப்பைப் பார்த்தாள். வேறு எதைச் சொன்னாலும் அந்த அதிகாரி நம்ப மாட்டார்.

"நீங்கள் மாத்திப்போடுவியளெண்டு நினைச்சனான்."

பாயிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பிப் பேசினான். அவள் சொன்னதை விட அவன் சொன்னது நீளமாக இருந்தது. அதிகாரி சிரித்து, சாமான்களை எடுத்துப் போகக் கையைக் காட்டினார். என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவன் சாமான்களை மேசையில் பரப்பினான்.

"பொட்டைப் பாத்து எடுங்க. பிறகு பூட்டுறன்."

அக்கா என்ற சொல் இல்லாததை அவள் கவனித்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பவர் சப்ளை, ஹாட் டிஸ்க், மதர்போட்டு. ராமில் பொட்டு இல்லை. மறுபக்கமும் இல்லை.

அவசரத்தில் வைக்க மறந்திருக்கலாம். சென்ரியில் சுரண்டிப் பார்த்திருக்கலாம். இல்லையென்றால். அவள் வாயைத் திறந்தாள். அவன் ஸ்குரூட்ரைவரைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரிதானே?"

"ஓம். பூட்டுங்கோ."

அவன் பூட்டினான். திரையில் எழுத்து வந்தது. அவள் ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போனான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் அடங்கும் வரை பொறுத்திருந்தாள். கரண்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தாள். உள்ளே இருந்த அந்தச் சின்ன ராம் தகடு யாருடையதோ, எங்கிருந்து வந்ததோ. போத்தலைத் திறந்து அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். காயும் வரை ஊதினாள்.