கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர் ஏற்றிய நாள்

எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் பாஸாகாத ஆள் நான். என்னிடம்தான் என் மனைவி லினக்ஸ் ஏற்றச் சொன்னாள். திராட்சைப் பந்தலுக்கடியில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது கையில் மாவுக்கட்டு. பழனிசெட்டிபட்டியில் ஒரு கம்பெனியில் வெள்ளிக்கிழமை வேலைக்கான தேர்வு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் அழைப்பு. விண்டோஸில் இல்லை, லினக்ஸில்தான் செய்து காட்ட வேண்டுமாம். எங்கள் லேப்டாப்போ பழசு; அதிலிருக்கும் அவளுடைய பாடக் குறிப்புகளையும் அழிக்க முடியாது.

“கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர உண்டாக்கி, அதுல ஏத்தணும் மாமா. சின்ன லினக்ஸுதேன், பழசு தாங்கும். நா சொல்லச் சொல்ல அமுக்குங்க.”

அமுக்கினேன். புது மெஷினுக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று ஒரு பட்டை வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். எங்கள் கிணறு நாலு பங்காளிகளுக்குப் பொது. முறை வந்துவிட்டால் அன்றைக்கு மொத்தத் தண்ணீரும் நமக்குத்தான். பாதி பாய்ச்சிவிட்டு வருகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். பட்டையில் பச்சையைத் தாண்டி, சிவப்பின் கடைசிவரை தள்ளினேன். லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஃபேன் மட்டும் மாவு மில் மாதிரி இரைந்தது.

“முழுசையும் ஏன் குடுத்தீக?”

“அதோட முறைதான புள்ள?”

“நெசக் கம்ப்யூட்டரு, பொய்க் கம்ப்யூட்டரு, ரெண்டும் ஒரே நேரத்துல குடிக்குது மாமா. இங்கன முறையெல்லாம் கெடையாது.”

சிரித்தாள். சிரித்ததில் கை அசைந்து வலியில் முகம் சுருங்கியது. நான் லேப்டாப்பை அணைத்து எழுப்பி, கால்வாசி மட்டும் கொடுத்தேன்.

அடுத்து, டிஸ்க்கை முழுதாக அழிக்கவா என்று கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

“ஒன் நோட்ஸெல்லாம் போயிரும். நா மாட்டேன்.”

“அது பொய் டிஸ்க்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. ஒங்க மேல சத்தியமா.”

“என் மேல எதுக்கு? ஒன் மாமியா மேல பண்ணு.”

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். குறிப்புகள் அப்படியே இருந்தன. மதியத்துக்குள் லினக்ஸும் வந்துவிட்டது. என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“பெரிய எழுத்து வர்றப்ப ஷிஃப்ட்ட மட்டும் நீங்க அமுக்கிக்கங்க.”

“பரீச்சைக்கு என்னைய உள்ள விடமாட்டாகளே?”

“அதுக்குள்ள ஒத்தக் கையில பழகிருவேன். இன்னிக்கு அமுக்குங்க.”

சொன்னபோதெல்லாம் அமுக்கினேன். நடுவில் இரண்டு தடவை சொல்லாமல் விரலை எடுத்துப் பார்த்தேன், அவளே சமாளித்துவிட்டாள். மூன்றாவது தடவை எடுக்க எனக்குத்தான் மனசு வரவில்லை.