பெயர் விழாத முகம்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் ஒரு மழைநாளில் என் மனைவியைப் படம் எடுத்தேன். ஒரு கையில் செருப்பு, மறு கையில் மடங்க மறுத்த குடை. மஞ்சள் சேலை முழங்கால் வரை நனைந்திருக்க, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே அதை என் இணையப் பக்கத்தில் போட்டேன். இந்தத் தெருக்களைப் படமெடுத்துப் போடுவதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பைத்தியம்.

ஒரு வருடம் கழித்து, நான் எடுத்த ஏலக்காய்க் கிடங்குப் படம் யாரோ ஒருவரின் விளம்பரத்தில் வந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வல்லார்பாடம் துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களுக்கு முத்திரை குத்திப் பிழைக்கிறவன் நான். முத்திரை இல்லாத எதுவும் பத்திரமில்லை என்பது என் கட்சி. ஒரு செயலியை இறக்கி, எல்லாப் படங்களின் நடுவிலும் என் பெயரைப் பெரிதாகப் பதித்தேன். ஓரத்தில் போட்டால் வெட்டிவிட்டு எடுத்துப் போவார்களே. அவசரத்தில் அசல்களின் மேலேயே சேமித்துத் தொலைத்தேன். வேறு பிரதி கிடையாது.

படகுத்துறைப் படத்தில் பெயர் அவள் முகத்தின் குறுக்கே விழுந்தது.

"உங்க பேரு எழுத என் மூஞ்சிதான் கிட்டிச்சா?" என்றாள்.

இன்னொன்று எடுத்தால் போயிற்று என்றேன். அந்த வருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கல்யாணப் படங்களில் விறைத்து நிற்கிறாள், அடையாள அட்டையில் முறைக்கிறாள். அந்தச் சிரிப்பு இது ஒன்றில்தான் இருந்தது. பெயரை அழிக்க எவ்வளவோ முயன்றேன். அழிக்க அழிக்க, அந்த இடத்தில் செயலி யாரோ ஒருத்தியின் வாயைத்தான் வரைந்து வைத்தது. அவள் சிரிப்பை ஒரே ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே நாலு வருடம் ஓடிவிட்டது.

போன மாதம், யூதத் தெருவில் புதிதாகத் திறந்த சாயாக்கடைச் சுவரில் அவள் படத்தைப் பார்த்ததாக அலுவலக நண்பர் சொன்னார். சண்டைக்கென்றே போனேன். ஆள் உயரத்துக்கு நின்றாள். சுவரோடு ஒட்டி, மேலே கண்ணாடி பதித்திருந்தார்கள். நான் பெயர் போடுவதற்கு முன்பே யாரோ என் இணையப் பக்கத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறார்கள். பழைய படமாகத் தெரியட்டும் என்று கறுப்பு வெள்ளையாக்கி, அந்த மஞ்சளைக் கொன்றிருந்தார்கள். ஆனால் முகம் முழுசாக இருந்தது. கொண்டுபோன சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

படம் என்னுடையது என்றதும் கடைக்காரர் பதறிப்போனார். உள் அலங்காரம் செய்தவர் கொண்டுவந்ததாம். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாதாம்.

"கேஸ் ஒண்ணும் வேண்டாம் சேட்டா. இப்பவே கிழிச்சுக் களைஞ்சிடறேன்."

"கிழிக்க வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "நான் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

என் மனைவியைப் படமெடுக்க முன்பின் தெரியாத ஒருவரிடம் அனுமதி கேட்டு நின்றேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

கைபேசியைத் தூக்கினேன். கண்ணாடியில் என் உருவம் சரியாக அவள் முகத்தின் மேல் விழுந்தது. கொஞ்சம் விலகி நின்றேன். அப்புறம்தான் அவள் தெரிந்தாள்.