கேம்ப் ரோட்டில் ஓடும், கடலில் நிற்கும்

படகு மோட்டார் ரிப்பேர் என்பது கரையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு உத்தரவாதம் கொடுக்கிற தொழில்.

என் கடை சேலையூர் கேம்ப் ரோட்டில். கடலுக்கும் எனக்கும் நடுவில் ஏகப்பட்ட பஸ் ஸ்டாப். ஆனாலும் கோவளத்திலிருந்து மீனவர்கள் பழைய மோட்டார்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆபீசுக்குக் கிளம்பும்போது பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துச் சட்டை நனைந்தவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்கள் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம். படகு நின்றால் எங்கே இறங்குவது?

டிரம்மில் சோதனை

அந்தோணி அண்ணனுடைய மோட்டாருக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். அலையைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். பிளக் முழுக்கக் கரி. துடைத்து, எஞ்சினோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். நீலமாக ஒரு பொறி. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை. கடுகளவு வெளிச்சம், அதுதான் ஒரு படகையே தள்ளிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்ப்பேன்.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டி ஓட்டிக் காட்டினேன். நிற்கவே இல்லை. அண்ணன் முகம் மட்டும் மலரவில்லை.

“டிரம்முல அலை அடிக்காது தம்பி.”

திரும்பி வந்தது

அந்த வாரமே திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினேன், பிளக்கையும் அதன் வயரையும் மாற்றினேன். டிரம்மில் போட்டால் பூனை மாதிரி உறுமியது. அண்ணன் மோட்டாரையே தடவிக்கொண்டு நின்றார். படகும் மோட்டாரும் அவருக்குச் சொந்தம். இது தேறவில்லை என்றால் அடுத்தவர் படகில் கூலிக்கு ஏற வேண்டும். இந்த வயதில் அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பது முகத்திலேயே தெரிந்தது. என் கூட வேலை பார்க்கும் சேகருக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

“மச்சான், இதுக்கு நம்ம கேம்ப் ரோடுதான் புடிச்சிருக்கு. இங்கயே ஒரு வூடு பாத்துக் குடுத்துடு.”

அலைக்கு அந்தப் பக்கம்

வேறு வழியில்லாமல் ஒரு விடியற்காலை நானே கோவளத்தில் படகேறினேன். மேகமூட்டம், சரியாக வெளுக்கவே இல்லை. சென்னையில் பிறந்து வளர்ந்தும் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை நான். அலையைத் தாண்டும்போதே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கரையிலிருந்து பார்க்கிற கடல் வேறு. உள்ளே போய்ப் பார்த்தால் அதற்கு ஓரமே கிடையாது. இத்தனை தண்ணீரின் மேல், அந்தக் கடுகளவு பொறியை நம்பித்தான் இவர்கள் தினமும் போய் வருகிறார்கள். நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றது. அண்ணன் நிதானமாகத் துடுப்பைக் கையில் எடுத்தார்.

“இப்போ உன் டிரம்மு எங்க கீது?”

மாதாவின் மேல் வெளிச்சம்

மோட்டாரின் மூடியைத் திறந்தேன். உள்ளே, கடையில் நான் பார்த்தே இராத ஒரு பொருள். மெல்லிய இரும்புச் சங்கிலியில் ஒரு மாதா பதக்கம், எஞ்சின் போல்ட்டில் கட்டித் தொங்கியது. கயிற்றை இழுத்தேன். படகு ஆட, பதக்கமும் ஆட, மாதாவின் மேல் நீலமாகப் பளிச்சென்று ஒரு வெளிச்சம். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் கிறிஸ்தவன்தான் என்றாலும் எங்கள் சபையில் மாதா சுரூபமும் கிடையாது, பதக்கமும் கிடையாது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. எஞ்சினை அணைக்கும் பட்டனின் வயர் வந்து சேரும் ஸ்க்ரூ, பக்கத்திலேயே வெறுமனே இருக்கிறது. அலையில் ஆடிப் பதக்கம் அதில் பட்டால், பட்டனை அமுக்கியது போலத்தான். கடைக்கு ஏன் இதோடு கொண்டுவரவில்லை என்று கேட்டேன். “உன் கடையில ஒரே கிரீசு. அங்க மாதாவ இட்டாருவாங்களா? ஒவ்வொரு தபாவும் கயட்டி வூட்ல வெச்சுட்டுத்தான் வருவேன்” என்றார். போன திருவிழாவில் மந்திரித்து வாங்கியதாம். உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று மூடிக்குள் மாட்டியிருக்கிறார். மோட்டார் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

மாதாவால்தான் நிற்கிறது என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? மென்று முழுங்கி, “அண்ணா, மாதாவுக்கு இந்த இடம் வசதியா இல்ல” என்றேன். அவர் பதக்கத்தையும் ஸ்க்ரூவையும் மாறி மாறிப் பார்த்தார். பதக்கத்தைக் கழற்றி முத்தமிட்டு, என் கழுத்தில் மாட்டினார். ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. கரை சேரும்வரை அது நிற்கவில்லை. என் வாந்தியும் நிற்கவில்லை. இறங்கியதும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

“மோட்டாரு நல்லாத்தான் கீது. மாதா தொண உனக்குத்தான் வேணும்.”

அன்று முதல் எந்த மோட்டார் வந்தாலும், வீட்டில் எதையாவது கழற்றி வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்ட பிறகே ஸ்பேனரைத் தொடுகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்குக் கிளம்பும்போது சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொள்வது ஏன் என்று என் மனைவி கேட்டால், சங்கிலியை உள்ளே தள்ளிக்கொண்டு, கொசுக்கடி என்று சொல்லிவிடுகிறேன்.